பெயர் ஒன்று, ஆள் வேறு

ஒருவருக்கு மத்திய அரசு வேலை கிடைத்தது. சேரும் முன் போலீஸ் விசாரணை நடந்தது. "உன் மேல் வழக்கு இருக்கிறது. வேலை இல்லை" என்றார்கள். வழக்கோ வேறு ஆள் மேல். பெயர் மட்டும் ஒன்று.

இப்படி நடந்தால் என்ன செய்யலாம்?

1. காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வழக்கு எண், ஆண்டு, காவல் நிலையம் மூன்றும் வேண்டும்.

2. தர மறுக்கிறார்களா? 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி மனுப் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. 30 நாளில் பதில் தர வேண்டும்.

3. மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடம் மனுக் கொடுங்கள். தகப்பனார் பெயர், பிறந்த தேதி, முகவரி காட்டும் சான்றுகளின் நகலை வையுங்கள். ரசீது வாங்குங்கள். வேலை தந்த அலுவலகத்துக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

4. அப்போதும் திருத்தவில்லையா? நீதிமன்றம் போகலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வருமானம் குறைந்தவர்களுக்கு வக்கீல் இலவசம். 15100 என்ற எண்ணில் கேளுங்கள்.

நாள் கடத்தாதீர்கள். அந்த இடத்துக்கு வேறு ஆளை எடுத்துவிடலாம்.

எழுதிப் பாருங்கள்: உங்கள் பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, முகவரி. உங்கள் சான்றுகள் எல்லாவற்றிலும் இவை ஒன்றுபோல் இருக்கின்றனவா?