குழந்தையின் நித்திரையும் நமது கவனமும்



அண்மையில் ஸ்காபரோவில் ஒரு வீட்டிற்கு 31ஆம் நாள் துடக்குக் கழிவுக்குச் சென்றிருந்தோம். கிரியை முடிந்து, பெயர் வைத்து, எல்லோரும் குழந்தையை ஆசீர்வதித்த பின்னர் குழந்தையின் அறையைக் காட்டினார்கள். கிறிப்புக்குள் தலையணை, தடித்த பஞ்சுப் போர்வை, சுற்றிவரக் கட்டிய மெத்தைத் துணி, நான்கைந்து கரடிப் பொம்மைகள் இருந்தன. எல்லாமே அன்போடு வந்த பரிசுகள். ஆனால் குழந்தையைக் கிடத்தத்தான் இடம் இல்லை.

அங்கிருந்த ஒரு ஆச்சி, "நாங்கள் ஊரிலை பிள்ளையளை ஒருநாளும் குப்புறக் கிடத்தினதில்லை. நிமிர்த்தித்தான் கிடத்தினனாங்கள்" என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. ஆனால் கிறிப்பில் இருந்த இலவம் பஞ்சுத் தலையணையைத் தைத்துக் கொடுத்தவரும் அவரே. நமது பழக்கங்களில் எவற்றைக் கைவிடாமல் வைத்திருக்க வேண்டும், எவற்றை விட்டுவிட வேண்டும் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

திடீர் சிசு மரணம் என்பது என்ன?

ஒரு வயதிற்கு உட்பட்ட, நோயின்றி இருந்த குழந்தை நித்திரையில் இறந்து, பிரேத பரிசோதனையும் வீட்டு விசாரணையும் செய்த பின்னரும் காரணம் தெரியாவிட்டால் அதனைத் திடீர் சிசு மரணம் என்பர். ஆங்கிலச் சுருக்கத்தில் சிட்ஸ் என்று அழைப்பர். இவற்றிற் பெரும்பாலானவை 6 மாதத்திற்கு முன்னரே நேருகின்றன. 2 முதல் 4 மாதம் வரையான காலம் மிகக் கவனமாக இருக்க வேண்டிய காலமாகும்.

மருத்துவர்கள் தரும் விளக்கம் ஒன்று உண்டு. மூன்று விடயங்கள் ஒரே நேரத்தில் சேரும்போது ஆபத்து வருகிறது. ஒன்று, மூச்சுக் குறையும்போது விழித்துக்கொள்ளும் ஆற்றல் சில குழந்தைகளுக்குப் பிறப்பிலேயே குறைவாக இருப்பது. இரண்டு, மூச்சும் இதயத் துடிப்பும் இன்னும் சீராகாத அந்த முதல் மாதங்கள். மூன்று, குப்புறப் படுத்தல், மூக்கை மூடும் துணி, அதிக சூடு, புகை போன்ற வெளிக் காரணங்கள். முதல் இரண்டையும் நாம் மாற்ற முடியாது. மூன்றாவது நமது கையில் உள்ளது.

குப்புறக் கிடத்தும் பழக்கம் வந்ததும் போனதும்

ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த டாக்டர் பெஞ்சமின் ஸ்பொக் 1946ல் எழுதிய குழந்தை வளர்ப்பு நூல் உலகெங்கும் வாசிக்கப்பட்டது. அதன் ஆரம்பப் பதிப்புகள் குழந்தையை மல்லாக்கக் கிடத்தும்படி கூறின. 1950களின் பிற்பகுதியில் வந்த பதிப்போ, வாந்தி எடுத்தால் மூச்சுத் திணறும் என்று அஞ்சி, குப்புறக் கிடத்தும்படி கூறியது. மேலை நாடுகளில் அதுவே வழக்கமாயிற்று.

1985ல் டேவிஸ் என்ற மருத்துவர், ஹொங்கொங்கில் இம்மரணம் மிக அரிதாக இருப்பதையும் அங்கு குழந்தைகளை மல்லாக்கவே கிடத்துவதையும் சுட்டிக்காட்டினார். 1987ல் நெதர்லாந்திலும், 1991ல் நியூசிலாந்திலும் பிரித்தானியாவிலும் குப்புறக் கிடத்த வேண்டாம் என்ற பிரசாரம் ஆரம்பமாயிற்று. கனடாவில் 1993ல் சுகாதார அமைச்சும் குழந்தை மருத்துவர் சங்கமும் ஏனைய அமைப்புகளும் கூட்டாக, மல்லாக்க அல்லது பக்கவாட்டிற் கிடத்தும்படி கூறின. பக்கவாட்டிற் கிடத்திய குழந்தை எளிதிற் குப்புறப் புரளும் என்பது தெளிவானதும், 1999ல் மல்லாக்கக் கிடத்துவதே சிறந்தது என்று மாற்றின.

இதன் பலன் பெரிது. ஐக்கிய அமெரிக்காவில் 1992ல் பிறந்த ஒவ்வொரு 1 இலட்சம் குழந்தைகளிலும் 120 பேர் இவ்வாறு இறந்தனர். 2001ல் அது 56 ஆகக் குறைந்தது. மருந்தும் இல்லை, இயந்திரமும் இல்லை. குழந்தையைத் திருப்பிக் கிடத்தியதே இதற்கு முக்கிய காரணம். அன்று வரை வந்திருந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்திருந்தால் 1970லேயே இவ்வுண்மை தெரிந்திருக்கும் என்றும், ஐரோப்பா, அமெரிக்கா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவற்றில் 50,000 குழந்தைகளாவது தப்பியிருக்கலாம் என்றும் 2005ல் வெளியான பிரித்தானிய ஆய்வு ஒன்று கணக்கிட்டது.

நமது வழக்கம் முழுவதும் சரியா?

இங்கிலாந்தின் பிரட்ஃபோர்ட் நகரில் பாகிஸ்தானிய வம்சாவளிக் குழந்தைகளிடையே திடீர் மரணம் வெள்ளையினக் குழந்தைகளைவிட வெகு குறைவு. காரணம் அறிய இரு சமூகத்துத் தாய்மாரையும் விசாரித்து ஓர் ஆய்வு 2012ல் வெளிவந்தது. பாகிஸ்தானியக் குடும்பங்களில் குழந்தை தனி அறையிற் படுப்பது குறைவு. புகைத்தல், மது, சோபாவிற் குழந்தையோடு உறங்குதல் ஆகியனவும் குறைவு. தாய்ப்பால் கொடுப்பது அதிகம். ஆனால் அதே வீடுகளில் தலையணை, தடித்த போர்வை, பக்கவாட்டிற் கிடத்தல் ஆகியவை அதிகமாக இருந்தன. நமது வீடுகளும் பெரும்பாலும் இப்படித்தான். நல்லவற்றைக் காப்போம். மற்றவற்றை விடுவோம்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. இரவோ பகலோ, குட்டித் தூக்கமோ, ஒவ்வொரு முறையும் குழந்தையை மல்லாக்கக் கிடத்துங்கள். ஒரு வயது வரை இதுவே முறை. இரு பக்கமும் தானாகப் புரளத் தெரிந்த குழந்தை உறக்கத்திற் புரண்டால், திருப்பிவிட வேண்டியதில்லை.

2. இறுக்கமான, தட்டையான மெத்தை. அதன்மேல் இறுகப் பொருந்தும் விரிப்பு மட்டும். தலையணை, பஞ்சுப் போர்வை, பொம்மை, சுற்றுமெத்தை எதுவும் வேண்டாம்.

3. முதல் 6 மாதங்களுக்கு உங்கள் அறையில், உங்கள் கட்டிலுக்கு அருகில், ஆனால் குழந்தைக்கெனத் தனிக் கிறிப்பில்.

4. கர்ப்ப காலத்திலும் பிறந்த பின்னரும் குழந்தையைச் சுற்றிப் புகை கூடாது. பல்கனியில் நின்று புகைத்துவிட்டு வருவதும் முழுப் பாதுகாப்பு அல்ல.

5. தாய்ப்பால் கொடுங்கள். இரண்டு மாதமாவது கொடுத்தால் ஆபத்து ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது.

6. குளிருக்குப் பயந்து அளவுக்கு மீறிப் போர்த்தாதீர்கள். வீட்டினுள் தொப்பி வேண்டாம். கழுத்தின் பின்புறம் வியர்த்திருந்தால் உடுப்பு அதிகம் என்று பொருள். போர்வைக்குப் பதிலாக ஸ்லீப் சாக் எனப்படும் பை போன்ற உடுப்பைப் போடலாம்.

7. சோபாவில் அல்லது சாய்கதிரையிற் குழந்தையை நெஞ்சில் வைத்துக்கொண்டு கண்ணயர்வது மிகவும் ஆபத்தானது. இரவு வேலை முடித்து வரும் தந்தையர் இதைக் கவனிக்கவும். பால் கொடுக்கும்போது நித்திரை வரும்போலிருந்தால், சோபாவைவிடத் தலையணையும் போர்வையும் அகற்றிய கட்டிலே மேல். விழித்தவுடன் குழந்தையைக் கிறிப்பில் விடுங்கள். மது அருந்தியவரோ, உறக்கம் தரும் மருந்து எடுத்தவரோ, புகைப்பவரோ குழந்தையோடு ஒருபோதும் படுக்கக் கூடாது.

8. கார் சீற் பயணத்திற்கு மட்டுமே. வீட்டுக்கு வந்ததும் குழந்தையை எடுத்துக் கிறிப்பிற் கிடத்துங்கள்.

9. உறவினர் தரும் பழைய கிறிப்பை ஆராயாமல் வாங்காதீர்கள். 1986 செப்டெம்பருக்கு முன் செய்யப்பட்டவை பாதுகாப்பற்றவை. பக்கம் கீழிறங்கும் கிறிப்புகளை விற்பதும் இறக்குமதி செய்வதும் 2016 டிசம்பர் முதல் கனடாவில் தடை.

ஆச்சிமாரின் கேள்விகள்

மல்லாக்கக் கிடந்தால் பால் கக்கிப் புரையேறாதா? ஏறாது. மல்லாக்கக் கிடக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். கக்கிய பால் மேல்நோக்கி ஏறினால்தான் மூச்சுக்குழாய்க்குள் போக முடியும். குப்புறக் கிடந்தால் மூச்சுக்குழாய் கீழே வந்துவிடும். ஆகவே பால் கக்கும் குழந்தைக்கும் மல்லாக்கக் கிடப்பதே நல்லது.

தலை தட்டையாகாதா? விழித்திருக்கும்போது, நீங்கள் அருகிலிருந்து, சிறிது நேரம் குப்புற விட்டு விளையாட்டுக் காட்டுங்கள். தலையும் உருண்டு வரும், கழுத்தும் பலப்படும். தலையணை தேவையில்லை.

ஏணை கட்டலாமா? சேலை ஏணையில் உடல் வளைந்து, நாடி நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் மூச்சு வழி ஒடுங்கும். ஏணையில் இடும் சடங்கைச் செய்யுங்கள், தாலாட்டும் பாடுங்கள். உறங்க வைப்பதைக் கிறிப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

பஞ்சாயுதம், கறுப்புக் கயிறு? கோவிலுக்கு வரும்போது அணிவியுங்கள். உறங்கும்போது கழுத்தில் எதுவும் இருக்க வேண்டாம். சூப்பி கொடுத்தாலும் கழுத்திற் கட்டித் தொங்கவிட வேண்டாம்.

சாம்பிராணி? அதுவும் புகைதான். சாமி அறையிற் போடும்போது குழந்தையை வேறு அறையில் வைத்திருங்கள்.

துயரம் நேர்ந்த வீட்டிற்கு

எல்லாம் சரியாகச் செய்தும் சில குழந்தைகளை இழக்கிறோம். ஒன்ராறியோவில் குழந்தை திடீரென இறந்தால் மரண விசாரணை அதிகாரியும் பொலிசாரும் வீட்டுக்கு வருவார்கள். அது சட்டப்படியான நடைமுறை, குற்றச்சாட்டு அல்ல. அந்தத் தாயிடம் நாவூறு, தோஷம், முற்பிறவிப் பாவம் என்று பேசாதீர்கள். அவள் என்ன தவறு செய்தாள் என்றும் ஆராயாதீர்கள். சமைத்துக் கொண்டு போய்க் கொடுங்கள். குழந்தையின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். பல மாதங்கள் கழித்தும் போய்ப் பாருங்கள்.

நிறைவாக

குழந்தையைப் பகலிற் பார்ப்பவர் பெரும்பாலும் அம்மம்மாவோ அப்பம்மாவோதான். ஆகவே இதனை இளம் பெற்றோர் மட்டும் வாசித்தாற் போதாது. அம்மாவிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் இந்தப் பக்கத்தை அவர் கையிற் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் 811 என்ற இலக்கத்திற்கு அழைத்து, எந்த நேரமும் தாதியோடு பேசலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். குழந்தை மூச்சு விடாவிட்டால் உடனே 911.

அடுத்த 31ஆம் நாள் விழாவுக்குப் போகும்போது தலையணையும் பஞ்சுப் போர்வையும் வாங்காமல், ஒரு ஸ்லீப் சாக் வாங்கிச் செல்லுங்கள். கிறிப்பில் குழந்தையைத் தவிர வேறொன்றும் இருக்க வேண்டாம். நமது குழந்தைகள் எல்லோரும் நலமாக உறங்கி, நலமாக விழித்தெழ இறைவன் அருள் புரிவானாக.