முகத்து முடியை அகற்றும் செலவை யார் ஏற்பது?

தம்புள்ளையில் வசிக்கும் ஒரு திருநங்கை முகத்து முடியை நிரந்தரமாக அகற்ற நினைத்தால் பணத்துக்கு நான்கு வழிகளை யோசிக்கலாம்: அரசாங்க வைத்தியசாலையின் இலவசச் சிகிச்சை, வேலைத்தலத்தின் குழுக் காப்புறுதி அல்லது அரச ஊழியருக்கான அக்ரஹார, தனியாக வாங்கும் சுகாதாரக் காப்புறுதி, சொந்தக் கைக்காசு. எதைத் தெரிவது என்று கேட்பவருக்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதற்காகவென்று புதிதாகத் தனிக் காப்புறுதி வாங்காதீர்கள். அரசாங்க கிளினிக்கில் தொடங்குங்கள். குழுக் காப்புறுதி இருந்தால் அதில் எழுத்து மூலம் கேளுங்கள். கைக்காசை உங்கள் தோலுக்குப் பொருந்தும் கருவிக்கு மட்டும் செலவழியுங்கள். இந்த வரிசைக்குக் காரணம் ஒன்றுதான்: கோரிக்கை வந்ததும் காப்புறுதிக்காரர் முதலில் பார்ப்பது யார் கையெழுத்திட்டிருக்கிறார் என்பதை. அழகு நிலையத்தின் சிட்டையில் வந்தால் அது ஒப்பனைச் செலவு. மனநல நிபுணரும் தோல் வைத்தியரும் எழுதிய கிளினிக் கொப்பியில் வந்தால் அதே வேலை சிகிச்சை.

இது உண்மையிலேயே சிகிச்சைதானா என்ற கேள்வியைத் தாண்டாமல் மேலே போக முடியாது. திருநர் நலத்துக்கான உலகத் தொழில்முறைச் சங்கம் 2022இல் வெளியிட்ட எட்டாவது பராமரிப்பு நெறிமுறைகள், முகத்திலும் உடலிலும் உள்ள முடியை அகற்றுவதை மருத்துவத் தேவையுள்ள சிகிச்சைகளில் ஒன்றாகவே குறிப்பிடுகின்றன. அதற்கு உடலியல் காரணம் உண்டு. ஈஸ்ட்ரோஜனும் ஆண் ஹோர்மோனைத் தடுக்கும் மருந்தும் கை கால் முடியை மெலிதாக்கும்; பருவ வயதில் ஒருமுறை வேரூன்றிய தாடியை அவை போக்குவதில்லை. பிறப்புறுப்பை மாற்றியமைக்கும் சத்திரசிகிச்சைக்கு எடுக்கும் தோலில் முடிவேர் மிஞ்சினால், பிறகு அது உடலின் உட்புறத்தில் வளர்ந்து தொற்றை உண்டாக்கலாம்; அங்கே முடி அகற்றுவது சத்திரசிகிச்சைக்கான முன்தயாரிப்பு. முகத்தின் கதை வேறு. அங்கே கேள்வி, வீட்டுக்கு வெளியே ஒரு மனுஷி எவ்வளவு பாதுகாப்பாக நடமாடலாம் என்பது. 2016இல் ஹியூமன் ரைட்ஸ் வோட்ச் இலங்கை பற்றி வெளியிட்ட அறிக்கை, தண்டனைச் சட்டக் கோவையின் 399ஆம் பிரிவான ஆள்மாறாட்ட ஏமாற்றும், பிரித்தானியர் காலத்து அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டமும் திருநர்கள் மீது பயன்படுத்தப்படுவதைப் பதிவு செய்தது. சேலை கட்டியவரின் தாடையில் மாலை நான்கு மணிக்குத் தெரியும் நீலநிழல் கண்டி வீதியில் சோதனைக்காக நிறுத்தப்படக் காரணமாகலாம் என்றால், அதை அகற்றுவதை ஆடம்பரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நூல் போட்டு எடுத்தால் சில நூறு ரூபாயில் முடியுமே, லேசர் எதற்கு என்பார்கள். நூலும் வெக்ஸும் முடியைத்தான் பிடுங்குகின்றன. வேர் உயிரோடு இருக்கிறது. முரட்டுத் தாடியை வாரந்தோறும் பிடுங்கினால் வேர்க்குழிகள் வீங்கிச் சீழ் வைக்கும், முடி தோலுக்குள் சுருண்டு வளரும். நம்மைப் போன்ற கறுத்த, மாநிறத் தோலில் ஒவ்வொரு பருவும் ஒரு கரும்புள்ளியை விட்டுப் போகும். பிறகு லேசருக்குப் போனாலும் தடங்கல்தான். லேசர் ஒளி முடியிலுள்ள கருநிறமியைப் பிடித்து வேரைச் சுடுகிறது; பிடுங்கிய குழியில் சுடுவதற்கு ஒன்றும் இருக்காது. ஆகவே லேசருக்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்பே நூலையும் வெக்ஸையும் நிறுத்திவிட்டுச் சவரம் மட்டும் செய்ய வேண்டும்.

லேசரிலும் எல்லாம் ஒன்றல்ல. அதே கருநிறமி நம் தோலிலும் நிறைந்திருப்பதால் வெளிர் தோலுக்கென்று அமைத்த ஒளி நம் தோலைச் சுட்டுவிடும். 755 நனோமீற்றர் அலெக்சாண்ட்ரைட் லேசரும், லேசரே அல்லாத விட்டுவிட்டு மின்னும் ஒளிக்கருவிகளும் கறுத்த தோலில் கொப்புளமும் தழும்பும் விடும் ஆபத்து அதிகம். 1064 நனோமீற்றர் என்டி யாக் லேசர் ஆழமாக இறங்கி மேற்தோலை அதிகம் தொடாமல் போவதால் நமக்குப் பாதுகாப்பானது. ஒவ்வொரு சூடும் ரப்பர் பட்டியை இழுத்து விட்டாற்போல் உறைக்கும், பொசுங்கிய முடியின் வாடை வரும். அடுத்த இரண்டு வாரத்தில் மிளகுப்பொடி போலக் கருந்துகள்கள் தாடையிலிருந்து உதிரும். முகத்துக்கு நான்கு முதல் எட்டு வார இடைவெளியில் ஆறோ எட்டோ அமர்வுகள் வேண்டும். தாடி அடர்ந்தவர்களுக்கு இன்னும் கூடும். நரைத்த முடியில் லேசர் வேலை செய்யாது. அதற்கு ஒவ்வொரு வேரிலும் ஊசி இறக்கி மின்சாரம் பாய்ச்சும் முறையே வழி. 1875இல் அமெரிக்கக் கண் வைத்தியர் சார்ல்ஸ் மிஷல் உள்நோக்கி வளர்ந்த இமைமயிரை எடுக்கக் கண்டுபிடித்தது இது. எந்த நிற முடிக்கும் பொருந்தும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் நிரந்தர அகற்றல் என்று ஒப்புக்கொள்வது இந்த ஊசிமுறையைத்தான். லேசரை நிரந்தரக் குறைப்பு என்றே அழைக்கிறது. ஆனால் முழு முகத்துக்கு நூறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே கறுத்த முடிக்கு முதலில் என்டி யாக், மிஞ்சிய நரைக்கு ஊசி என்பதே செலவுக்கும் தோலுக்கும் ஏற்ற வரிசை. தம்புள்ளைக்கு ஒரு தனி எச்சரிக்கை உண்டு. விசேட பொருளாதார மத்திய நிலையத்தில் மூட்டை இறக்குபவரும் வயலில் நிற்பவரும் உச்சி வெயிலில் கறுத்த முகத்தோடு லேசருக்குப் போகக் கூடாது. சில வாரங்கள் முகத்தை மூடி வைத்து, வெயில் கறுப்பு இறங்கிய பிறகே போக வேண்டும். இதைக் கேட்காமலே கருவியைக் கையில் எடுக்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

இனிக் காப்புறுதி. தனியார் சுகாதாரக் காப்புறுதிகள் பெரும்பாலும் வைத்தியசாலையில் தங்கிப் பெறும் சிகிச்சையைச் சுற்றி எழுதப்பட்டவை. லேசருக்கு யாரும் கட்டிலில் படுப்பதில்லை. ஒப்பந்தத்தின் விலக்குப் பட்டியலில் அழகுச் சிகிச்சை என்ற வரி வழக்கமாக இருக்கும். ஏற்கெனவே உள்ள நிலைமைகளுக்குப் பணம் இல்லை அல்லது காத்திருக்க வேண்டும் என்ற வரியும் இருக்கும். மனநல நிபுணரைப் பார்த்த பிறகு வாங்கும் ஒப்பந்தம் இந்த இரண்டு வரிகளிலும் சிக்கும். இதற்கு மிகத் தெளிவான சாட்சி இந்தியா. அங்கே 2019 டிசம்பர் 5ஆம் திகதி ஒப்புதல் பெற்ற திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, சத்திரசிகிச்சை, ஹோர்மோன் சிகிச்சை ஆகியவற்றோடு லேசர் சிகிச்சையையும் பெயர் சொல்லி, இவற்றின் செலவைக் காப்புறுதித் திட்டம் ஏற்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. சட்டப் புத்தகத்தில் இந்தச் சொல் இடம்பெற்றது பெரிய விஷயம். ஆனால் அதே ஆண்டு செப்டெம்பரில் அந்நாட்டின் காப்புறுதி ஒழுங்குமுறை ஆணையம் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக வகுத்த விலக்குப் பட்டியலில் ஏழாவது, பாலின மாற்றச் சிகிச்சைகள். எட்டாவது, அழகுச் சிகிச்சை. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்புக்கும், உடனடி ஆபத்தை நீக்குவதென வைத்தியர் சான்று தரும் சிகிச்சைக்கும் மட்டும் அதில் விதிவிலக்கு. சட்டத்தின் வாக்குறுதிக்கு உருவம் கொடுக்க, திருநருக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் இந்திய ரூபாய் வரையான ஆயுஷ்மான் பாரத் என்ற அரச சுகாதாரக் காப்புறுதி ஏற்பாட்டுக்கு 2022 ஆகஸ்ட் 24இல் தனியாக ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. சட்டம் பெயர் சொன்ன நாட்டிலேயே தனியார் ஒப்பந்தம் இப்படி இருக்கையில், சட்டம் வாய் திறக்காத இலங்கையில் ஒரு முகவர் இதெல்லாம் கிடைக்கும் என்று வாயால் சொல்வதை நம்பிக் கட்டுப்பணம் கட்டாதீர்கள். ஒரு வருடக் கட்டுப்பணம் எத்தனை லேசர் அமர்வுக்குச் சமம் என்று வகுத்துப் பாருங்கள். முடிவு அந்தக் கணக்கிலேயே தெரியும்.

குழுக் காப்புறுதி வேறு விதம். அங்கே விதியை நிறுவனமும் காப்புறுதிக்காரரும் பேசித் தீர்மானிக்கிறார்கள், பேசினால் மாறும். தமிழர் நிறைந்து வாழும் ரொறன்ரோவில் இதைப் பார்க்கலாம். ஒன்ராறியோ மாகாணத்தின் பொதுக் காப்புறுதி சத்திரசிகிச்சைக்குப் பணம் தருகிறது, முடி அகற்றுவதற்குத் தருவதில்லை. ஆனால் சன் லைஃப், மனுலைஃப் போன்ற காப்புறுதி நிறுவனங்கள் வேலைத்தலத் திட்டங்களில் பால்நிலை உறுதிப்பாட்டுச் சிகிச்சையை ஒரு தெரிவாக வைத்திருக்கின்றன. முதலாளி கேட்டுச் சேர்த்தால் ஊழியருக்கு அது உண்டு. நம் நாட்டிலும் பெரிய நிறுவனங்களின் குழுத் திட்டங்களில் வெளிநோயாளர் செலவுக்கென ஆண்டுக்கு ஒரு தொகை ஒதுக்குவது உண்டு; தோல் வைத்தியரின் கட்டணமும் அவர் எழுதும் சிகிச்சையும் வரக்கூடிய இடம் அதுதான். அரச ஊழியராக இருந்தால், தேசிய காப்புறுதி நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் நடத்தும் அக்ரஹாரவுக்கு மாதச் சம்பளத்திலிருந்தே பணம் போகிறது. அதுவும் தங்கிச் சிகிச்சையை மையமாகக் கொண்டதுதான். ஆனால் மூக்குக்கண்ணாடிக்கும் அதில் உதவி உண்டு. கண்ணாடி வாங்க யாரும் வார்ட்டில் படுப்பதில்லை. தங்காத செலவுக்கு ஏற்கெனவே இடம் கொடுத்த திட்டம், வைத்தியர் எழுதிய லேசருக்குக் கொடுக்காதிருக்கக் காரணம் சொல்ல வேண்டும்.

எந்தக் கோரிக்கைக்கும் அடித்தளம் அரசாங்க கிளினிக்தான். நம் அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. சுகாதார அமைச்சின் 2016ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையின்படி மனநல நிபுணர் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் தரலாம்; அதைக் கொண்டு பிறப்புச் சான்றிதழையும் பின்னர் அடையாள அட்டையையும் திருத்தலாம். தம்புள்ளை ஆதார வைத்தியசாலையில் ஒரு துண்டு எழுதி வாங்கி, மாத்தளையிலோ எழுபது கிலோமீற்றருக்கு மேல் தள்ளியிருக்கும் கண்டியிலோ உள்ள மனநல நிபுணரிடம் போகலாம். பஸ்ஸுக்கும் வரிசைக்கும் முழு நாள் போகும். ஒருநாள் கூலி போகும். அது சிறிய இழப்பல்ல. ஆனாலும் அந்தக் கொப்பியில் விழும் ஒவ்வொரு திகதியும் பின்னால் சான்று. அங்கே லேசர் கிடைக்காவிட்டாலும் தோல் கிளினிக்குக்கு அனுப்பும் கடிதத்தையும், ஏன் தேவை என்று எழுதிய இரண்டு வரிகளையும் கேட்டு வாங்குங்கள். அடையாள அட்டையில் ஒரு பெயரும் சிட்டையில் வேறு பெயரும் இருந்தால் கோரிக்கை அதிலேயே நின்றுவிடும் என்பதால் ஆவணத் திருத்தத்தை முதலில் முடிப்பது நல்லது.

2022 பொருளாதார நெருக்கடியில் மருந்துக்கே தட்டுப்பாடு கண்ட நாட்டில் தாடிக்குப் பணமா என்ற ஆட்சேபம் நியாயமான இடத்திலிருந்து வருகிறது, அதை மதிக்கிறேன். ஆனால் குழுக் காப்புறுதியில் கேட்பது அரச மருந்துப் பணத்தை அல்ல, தான் கட்டிய கட்டுப்பணத்தின் பயனை. மேலும் இது வாழ்நாள் முழுக்க நீளும் செலவல்ல; வேர் ஒருமுறை அழிந்தால் அந்த இடத்தில் செலவு முடிந்தது. இதற்குக் கொடுத்தால் முகத்தில் முடி உள்ள பெண்கள் எல்லாரும் கேட்பார்களே என்பது இன்னொன்று. கேட்கட்டும். சூலகத்தில் நீர்க்கட்டிகள் உண்டாகும் ஹோர்மோன் கோளாற்றால் தாடை முடி வளர்ந்து முகம் மறைத்துத் திரியும் பெண் பிள்ளைகள் எந்த ஊரிலும் உண்டு. அவர்களுடையதும் ஹோர்மோன் சார்ந்த நிலைமை, அவர்களும் அழகுச் சிகிச்சை என்ற அதே வரியால் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். சேர்ந்து கேட்டால் இரு சாராருக்கும் பலம். மூன்றாவதாக, வெறும் தோல் நோய் என்று எழுதி வாங்கிவிடு என்று சிலர் சொல்வார்கள். சவரத்தால் வேர்க்குழி அழற்சி உண்மையிலேயே இருந்தால் அதை எழுதுவது சரி, அது வலுவான காரணமும்கூட. இல்லாததை எழுதினால் ஒப்பந்தமே செல்லாமல் போகும். பிறகு உண்மையான நோய்க்கும் பணம் வராது.

மறுப்பு வந்தால் அதைக் கடிதமாகக் கேளுங்கள். நிறுவனத்தின் முறைப்பாட்டுப் பிரிவு, பிறகு காப்புறுதி ஒம்புட்ஸ்மன், பிறகு காப்புறுதி ஒழுங்குமுறை ஆணைக்குழு என்று அடுத்தடுத்துப் போகலாம். அரச அமைப்பின் செயலில் பாகுபாடு தெரிந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவும் உண்டு. ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னதாக, பணம் எதுவும் செலவழிக்காமல் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அக்ரஹாரவை நடத்தும் நிதியத்துக்கு ஒரு பக்க விண்ணப்பம் எழுதுங்கள். பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் உள்ள அங்கத்தவருக்கு, தோல் வைத்தியர் எழுதித் தந்த லேசர் முடியகற்றலுக்குப் பணம் உண்டா, இல்லையென்றால் எந்த விதியின்படி என்று கேளுங்கள். அரச ஊழியராக இருக்க வேண்டியதில்லை. இலங்கைக் குடிமகளாக இருந்தால் போதும். தமிழிலேயே எழுதலாம், எதற்குக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. தகவல் தருவதா இல்லையா என்ற முடிவைத் தகவல் அலுவலர் பதினான்கு வேலைநாட்களுக்குள் எடுத்தாக வேண்டும்.