அவள் முகத்துக்கு நேரே உட்காருங்கள்

பிரசவ வார்டில் 31 வருடம் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மனைவிக்கோ மகளுக்கோ தங்கைக்கோ பிரசவ வலி தெரியாமலிருக்க முதுகில் எபிடூரல் ஊசி போடும்போது முதன்முதலாகத் துணை இருக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வலி அவளுடையது, ஊசி மயக்க டாக்டருடையது. நடுவே உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. சின்ன வேலைதான். ஆனால் அவளுக்குப் பழகிய முகம் அந்த அறையில் உங்களுடையது மட்டும்தான்.

1. ஊசி போடும்போது உள்ளே இருக்க விடுவார்களா என்று எட்டாம் மாதமே கேட்டுவிடுங்கள். அரசு மருத்துவமனைகளிலும் பிரசவத்துக்குத் துணை ஒருவர் உள்ளே இருக்கலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2016இல் சொல்லிவிட்டது. ஒவ்வொரு பெண்ணும் தனக்குப் பிடித்த துணையோடு பிரசவிக்க வேண்டும் என்று 2018இல் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்தது. ஆனால் ஊசி போடும் அந்த அரை மணி நேரம் தனி. கிருமி போகாமல் காக்க வேண்டிய நேரம் என்பதால் சில மயக்க டாக்டர்கள் எல்லோரையும் வெளியே அனுப்புவார்கள். சிலர் ஒருவரை மட்டும் இருக்கச் சொல்வார்கள். வலி முற்றிய பிறகு கதவருகில் நின்று வாதாடினால் அவள் காதில்தான் அது விழும்.

2. வீட்டுச் சண்டையை வீட்டிலேயே முடித்துவிட்டு வாருங்கள். "முதுகுல ஊசி போட்டா ஆயுசுக்கும் இடுப்பு வலி" என்று சொல்லாத மாமியாரை நான் பார்த்ததில்லை. ஊசி குத்திய இடம் சில நாள் வலிக்கும், அது உண்மை. ஆனால் பிரசவித்த பெண்களுக்கு வரும் நீண்டநாள் முதுகுவலி, எபிடூரல் போட்டுக்கொண்டவர்களுக்கு அதிகமாக வருவதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. தண்டுவடத்தில் குத்திவிடுவார்களோ என்ற பயமும் வேண்டாம். தண்டுவடம் மேல் இடுப்பிலேயே முடிந்துவிடும். ஊசி அதற்குக் கீழே, இரு இடுப்பெலும்புகளின் உச்சியை இணைத்துக் கோடு போட்டால் வருகிற மட்டத்தில் இறங்குகிறது. இத்தனைக்குப் பிறகும் வேண்டுமா வேண்டாமா என்று சொல்ல வேண்டியவள் அவள்தான்.

3. சாப்பிட்டுவிட்டு வாருங்கள். உள்ளே வந்ததும் உட்காருங்கள். நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் வருடம், ஆறடி உயரத் தம்பி ஒருவர் மனைவியின் தோளைப் பிடித்தபடி நின்றிருந்தார். முதல் நாள் ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. டாக்டரின் கையில் ஊசியைப் பார்த்தார். உதடு வெளுத்தது. நான் எட்டிப் பிடிப்பதற்குள் டிரிப்ஸ் ஸ்டாண்டோடு சாய்ந்துவிட்டார். நெற்றியில் நாலு தையல். அந்தப் பெண் முதுகில் ஊசியோடு, "அவருக்கு என்னாச்சு" என்று திரும்பப் பார்த்தாள். அவளை அசையவிடாமல் பிடித்த என் கை அன்று முழுக்க நடுங்கியது. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவில் 2004இல் இப்படி மனைவியைப் பிடித்து நின்ற ஒரு கணவர் மயங்கி விழுந்து, தலையில் அடிபட்டு இறந்தே போனார். அவளைத் தாங்கிப் பிடிப்பது நர்ஸின் வேலை. நீங்கள் ஸ்டூலை விட்டு எழ வேண்டாம்.

4. மோதிரத்தையும் கண்ணாடி வளையலையும் கழற்றி வையுங்கள். அவள் பிடிக்கிற பிடி அப்படி.

5. உங்கள் இடம் அவள் முகத்துக்கு நேரே. முதுகுப் பக்கம் போகவே கூடாது. அங்கே மருந்து தடவிச் சுத்தம் செய்து, கிருமி நீக்கிய துணி விரித்திருப்பார்கள். உங்கள் விரல் பட்டால் எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவளைக் கட்டிலின் ஓரத்தில் உட்கார வைத்து, கால் ஸ்டூலில், மடியில் தலையணை கொடுப்பார்கள். "இறால் மாதிரி வளைங்க, தாடையை நெஞ்சுல வைங்க, தோளைத் தொங்கப் போடுங்க" என்பார் டாக்டர். நிறைவயிற்றை வைத்துக்கொண்டு வளைவது லேசில்லை. அப்போது அவள் கண்ணுக்குத் தெரிவது தலையணையும் அதற்கு அந்தப் பக்கம் உங்கள் முகமும்தான்.

நான் பார்த்ததிலேயே நன்றாகச் செய்தவள், படிப்பு அதிகமில்லாத ஓர் அக்கா. தங்கையின் இரண்டு உள்ளங்கையையும் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். "வலிக்காது" என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை. தான் மெதுவாக மூச்சை இழுத்து, விளக்கை ஊதி அணைப்பதுபோல விட்டாள். நாலாவது மூச்சில் தங்கையின் மூச்சும் அதோடு சேர்ந்துகொண்டது. காதுவரை ஏறியிருந்த தோள் தானாக இறங்கியது. டாக்டர் நிமிர்ந்து பார்த்து, "இப்படியே இருங்க" என்றார்.

6. என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்தால் பதற மாட்டீர்கள். முதலில் ஜில்லென்று மருந்து தடவுவார்கள். அடுத்து மரத்துப்போக ஒரு சின்ன ஊசி, சில விநாடி எரியும். அதன்பின் எபிடூரல் ஊசி இறங்கும்போது வலி இருக்காது, அழுத்தம்தான். ஊசி வழியாக நூல் போன்ற பிளாஸ்டிக் குழாயை உள்ளே விட்டு, ஊசியை வெளியே எடுத்துவிடுவார்கள். முதுகில் தங்குவது குழாய் மட்டுமே. குழாய் போகும்போது ஒரு காலில் ஷாக் அடித்த மாதிரி சுரீரென்று வரலாம். இடையில் பிரசவ வலி கிளம்பினால் அவள் அசைவதற்கு முன்பே "வலி வருது டாக்டர்" என்று சொல்லுங்கள். அவர் கையை நிறுத்திக்கொள்வார்.

7. உங்கள் பதற்றம் அவளுக்குத் தொற்றும். கணவர் உடனிருந்ததால் மட்டும் பெண்ணின் பதற்றம் குறைந்துவிடவில்லை என்று இஸ்ரேல் மருத்துவர்கள் 2012இல் வெளியிட்ட ஓர் ஆய்வு சொன்னது. அதைப் படித்தபோது நான் ஆச்சரியப்படவில்லை. போனை எடுத்துப் பார்ப்பவர், "இன்னும் எவ்வளவு நேரம்" என்று கேட்டுக்கொண்டே இருப்பவர், அவளுக்கு முன்னால் அழுகிறவர், இவர்களையெல்லாம் நானே வெளியே அனுப்பியிருக்கிறேன். உங்களால் முடியாது என்று தோன்றினால் முன்பே சொல்லிவிட்டு அவள் அம்மாவையோ அக்காவையோ அனுப்புங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

8. அவளிடம் கேட்கும் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லாதீர்கள். சோதனை மருந்து போட்டதும் "காதுல ரீங்காரம் கேக்குதா, நெஞ்சு படபடக்குதா, கால் கனக்குதா" என்று டாக்டர் கேட்பார். மருந்து தவறான இடத்துக்குப் போகவில்லை என்று உறுதி செய்யும் கேள்விகள் அவை. அவள் வாயால்தான் பதில் வர வேண்டும்.

9. மருந்து பிடிக்க 15, 20 நிமிடம் ஆகும். அதுவரை அடிக்கடி பி.பி. பார்ப்பார்கள். நடுக்கம் வரலாம், போர்வையை இழுத்துவிடுங்கள். அரிப்பு வந்தாலும் பயமில்லை, மருந்தால் வருவதுதான். தலை சுற்றுகிறது, குமட்டுகிறது என்றால் உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள், பி.பி. இறங்கியிருக்கலாம். பிரசவம் முடிந்த அடுத்த சில நாட்களில் எழுந்து உட்கார்ந்தால் தலை பிளந்து, படுத்தால் அடங்குகிறது என்றாளானால், தைலம் தேய்த்து உட்கார்ந்துவிடாதீர்கள். நூறில் ஒருவருக்கு வருவது அது. மயக்க டாக்டரிடம் சொன்னால் அதற்கு வைத்தியம் இருக்கிறது.

10. வலி அடங்கியதும் அவள் கண் சொருகும். எத்தனையோ மணி நேரத்துக்குப் பிறகு வருகிற தூக்கம், தூங்க விடுங்கள். சொந்தக்காரர்களிடம் போனைக் கொடுத்து எழுப்பாதீர்கள். முக்கிப் பெற வேண்டிய வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. சிஸ்டரிடம் சொல்லிவிட்டுக் கேன்டீனுக்குப் போய் இரண்டு இட்லி சாப்பிட்டு வாருங்கள். அவள் கண் விழிக்கும்போது அதே ஸ்டூலில் இருங்கள்.