சாலை கடக்கும் ஆமையைக் காப்போம்

மழை ஓய்ந்த காலைப் பொழுதில் பால்மரம் வெட்டச் செல்வோர், சுங்கை பட்டாணி, கூலிம் வட்டாரத் தோட்டச் சாலைகளில் ஆமை ஊர்ந்து செல்வதைக் கண்டிருப்பர். குளத்திலும் சதுப்பிலும் வாழும் இப்பிராணி, இரை தேடியும் முட்டையிட இடம் நாடியும் கரையேறுகிறது.

இவற்றுள் ஒருவகையை மலாய் மொழியில் ‘கூரா-கூரா காத்துப்’ என்பர். இதன் அடியோட்டில் கீல் போன்ற அமைப்பு உண்டு. பகை நெருங்கினால் தலையையும் கால்களையும் உள்ளிழுத்து ஓட்டை இறுக மூடிக்கொள்ளும். காட்டில் உயிர் காக்கும் இவ்வழக்கமே சாலையில் உயிரைப் பறிக்கிறது. லாரி வரும்போது விலகாமல் அங்கேயே அடங்கிவிடுகிறது. ஒருமுறைக்கு இரண்டு மூன்று முட்டைகளே இடுவதால், தாய் ஆமை ஒன்றின் இழப்பு எளிதில் ஈடாவதில்லை.

ஆமையைக் கண்டால் செய்ய வேண்டியவை யாவை? வாகனத்தை ஓரமாக நிறுத்தி, இருபுறமும் பார்த்த பின்னரே சாலையில் இறங்குக. ஓட்டின் இரு பக்கங்களையும் இரு கைகளாலும் பற்றி, தரையை ஒட்டியே தூக்குக. வாலைப் பிடித்துத் தூக்கினால் முதுகெலும்பு ஊறுபடும். அது நோக்கிச் சென்ற திசையிலேயே அக்கரை சேர்த்திடுக. வந்த பக்கமே விட்டால் மீண்டும் சாலைக்கு வரும். வேறு குளத்தில் விடுதலும், பிள்ளைகள் விளையாட வீட்டிற்குக் கொண்டு செல்லுதலும் தகா. பின்னர்க் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. மென்மையான ஓடுடைய ‘லாபி-லாபி’ கழுத்தை நீட்டிக் கடிக்கும். அதனைத் தொடாது, கடக்கும் வரை காத்திருத்தலே நன்று.

அலோர் ஸ்டாருக்கு அருகே புக்கிட் பினாங்கில், அருகிவரும் ஆற்றாமையின் முட்டைகளைப் பொரிக்கச் செய்து குஞ்சுகளை வளர்க்க வனவிலங்கு இலாகா நிலையம் அமைத்தது. ஒரு குஞ்சு தாயாக ஆண்டுகள் பல வேண்டும்; சாலையில் ஒரு தாயைக் காக்கச் சில நிமிடங்களே போதும்.