எம்.பிளான் படிக்கப் போகிறீர்களா?

நகரமைப்பில் முதுநிலைப் பட்டம் என்றதும் வெளிநாட்டுக் கல்விக்கடனுக்காக வங்கிப் படி ஏறாதீர்கள். எம்.பிளான் இரண்டு வருடப் படிப்பு. சென்னை அண்ணா பல்கலைக்கழகம், டெல்லி, போபால், விஜயவாடா எஸ்.பி.ஏ.க்கள் (திட்டமிடல், கட்டடக்கலைக் கல்வி நிறுவனங்கள்) எல்லாமே அரசு நிறுவனங்கள்; காரக்பூர், ரூர்க்கி ஐ.ஐ.டி.களிலும் நகரமைப்பு உண்டு. பி.ஆர்க்., சிவில் படித்தவர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். புவியியல், பொருளாதாரம், சமூகவியலில் எம்.ஏ. முடித்தவர்களையும் பல இடங்களில் சேர்க்கிறார்கள்.

கேட் தேர்வில் கட்டடக்கலை-திட்டமிடல் தாளை எழுதித் தேறினால் பல நிறுவனங்களில் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகைக்கு வழியுண்டு. மதிப்பெண் 3 ஆண்டுகள் செல்லும், அவசரம் வேண்டாம்.

விளம்பரத்தில் வரும் கண்ணாடிக் கட்டடத்தைப் பார்த்து மயங்காமல் ஒருநாள் நேரில் போய்வாருங்கள். ஸ்டூடியோ சுவரில் ஏதாவது ஓர் ஊரின் நிலப்பயன்பாட்டு வரைபடம் தொங்குகிறதா? மேசையில் வீடு வீடாக எடுத்த சர்வே படிவங்கள் கிடக்கின்றனவா? ‘கடைசியாக எந்த ஊருக்குப் போனீர்கள்?’ என்று சீனியர்களைக் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் வேறு கல்லூரி பாருங்கள்.

இந்திய நகரமைப்பாளர் கழகத்தின் அங்கீகாரம் அந்தப் படிப்புக்கு இருக்கிறதா என்பதைப் பணம் கட்டுமுன் உறுதிசெய்துகொள்ளுங்கள்.