ஏரியில் ஜிலேபி மட்டும்தானா?

கேள்வி: எங்கள் ஊர் ஏரியில் தூண்டில் போட்டால் உள்ளங்கை அளவு ஜிலேபிதான் மாட்டுகிறது. கட்லா, ரோகு எல்லாம் எங்கே போயின?

பதில்: எங்கும் போகவில்லை, யாரும் குஞ்சு விட்டிருக்க மாட்டார்கள். கட்லாவும் ரோகுவும் ஆற்று மீன்கள். ஓடும் வெள்ளத்தில்தான் முட்டையிடும். தேங்கிய ஏரியில் வளருமே தவிர, பெருகாது. ஜிலேபியோ 1952-ல் இந்தியாவுக்கு வந்த ஆப்பிரிக்க மீன். தாய் முட்டைகளை வாயிலேயே அடைகாக்கும். பொரித்த குஞ்சுகளையும் ஆபத்தென்றால் வாய்க்குள் வாங்கிக்கொள்ளும். கூட்டம் பெருகி, தீனி போதாமல், உடம்பு வளரும் முன்பே சினை பிடித்துவிடும். உங்கள் உள்ளங்கைக் கணக்கு அதுதான். பிடித்ததைத் திரும்ப விடாதீர்கள், குழம்பு வையுங்கள்.

பெரிசு வேண்டுமென்றால் மண்புழுவை விட்டுவிட்டு, விடியற்காலையில் கோரை ஓரமாகச் சின்னத் தவளை கோத்துப் போடுங்கள். ‘பொளக்’ என்று மேலே வந்து காற்றுக் குடித்துப் போவது விராலாக இருக்கும். தக்கை நகர்ந்ததுமே இழுத்தால் தவளை மட்டும் திரும்பும். செந்நிறக் குஞ்சுத்திரள் மிதக்கும் இடத்தில் மட்டும் வேண்டாம். அடியில் பெற்றவர்கள் காவல் இருப்பார்கள். ஏரி குத்தகைக்குப் போயிருந்தால், எடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.