பொறியின் பிணி அறிதல்

நோயுற்ற மனிதன் தன் துன்பத்தை வாய்விட்டுச் சொல்வான். வாய் பேசாத குழந்தையின் நோயைத் தாய் குறிப்பால் உணர்வாள். உயிரற்ற பொறியின் பிணியை அறிவது எங்ஙனம்? முற்காலத்துப் பொறிகள் ஓசையாலும் புகையாலும் நடுக்கத்தாலும் தம் குறையைக் காட்டின. இக்காலத்துப் பொறிகளோ அவற்றோடு எண்களாலும் பேசுகின்றன. அவ்வெண்களின் பொருளை உள்ளவாறு உணர்பவனே தேர்ந்த மெக்கானிக் ஆவான். எண்ணைக் கண்ட அளவிலே முடிவு கட்டுபவன் பொருளையும் காலத்தையும் ஒருங்கே இழப்பான்.

எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கி மண்ணை அகழும் பெரும்பொறியைத் தமிழ்நாட்டு மக்கள் பொக்லைன் என்பர். பிரான்சு நாட்டில் இத்தகைய பொறிகளைச் செய்த நிறுவனம் ஒன்றின் பெயரே இங்ஙனம் பொறிக்குப் பெயராயிற்று. இதன் எஞ்சின் பம்பை இயக்குகிறது. பம்பு எண்ணெயைப் பேரழுத்தத்தோடு குழாய்களிற் செலுத்துகிறது. அவ்வெண்ணெய் உருளைகளுட் புகுந்து தண்டுகளைத் தள்ளுகிறது. அதனால் பொறியின் நீண்ட கை நிமிர்கிறது, மடங்குகிறது. அதன் நுனியிலுள்ள பக்கெட் மண்ணை வாரி எடுக்கிறது.

இவ்வுடலுக்குத் தலையாய் அமைந்தது கன்ட்ரோலர் என்னும் மின்கருவி. அதற்குச் செய்தி சொல்லும் ஒற்றர்களாய் அமைந்தவை சென்சார்கள். அழுத்தத்தை அளக்கும் சென்சாருக்குப் பெரும்பாலும் மூன்று கம்பிகள் உண்டு. ஒன்று 5 வோல்ட் மின்னழுத்தத்தைக் கொண்டு வரும். ஒன்று மின்னோட்டம் மீண்டு செல்லும் வழியாகும். மற்றொன்று செய்தியைச் சுமந்து செல்லும். செய்திக் கம்பியின் மின்னழுத்தம் பொதுவாக 0.5 வோல்ட்டுக்கும் 4.5 வோல்ட்டுக்கும் இடையே நிற்கும். அவ்வெல்லையைக் கடப்பின், கன்ட்ரோலர் ஐயுற்று ஒரு குறியீட்டைத் திரையிற் காட்டும்.

இக்குறியீடுகளுக்கு ஜே1939 என்னும் பொதுநெறி ஒன்று உண்டு. பல பொறிகள் அதனைத் தழுவியவை. சில நிறுவனங்கள் தமக்கெனத் தனிக் குறியீடுகளையும் வைத்துள்ளன. இந்நெறியில் ஒவ்வொரு குறியீடும் இரண்டு எண்களை உடையது. முதலெண் எதைப் பற்றியது என்பதையும், இரண்டாம் எண் எத்தகைய குறை என்பதையும் உணர்த்தும். 100 என்பது எஞ்சின் எண்ணெயின் அழுத்தத்தைக் குறிக்கும். 110 என்பது எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் வெப்பத்தைக் குறிக்கும். இரண்டாம் எண் 3 ஆயின் மின்னழுத்தம் மிகுந்தது. 4 ஆயின் குறைந்தது. 5 ஆயின் மின்னோட்டம் குறைந்தது அல்லது சுற்று அறுபட்டது.

இரண்டாம் எண்ணை ஊன்றிக் காணாதவர்க்குக் கேடு விளையும். 100, 1 என்னும் குறியீடு எண்ணெயின் அழுத்தம் மெய்யாகவே மிகவும் தாழ்ந்தது எனக் கூறும். அப்பொழுதே எஞ்சினை நிறுத்தாவிடில் அது பாழாகும். 100, 4 என்னும் குறியீடோ செய்திக் கம்பியின் மின்னழுத்தம் தாழ்ந்தது என்று மட்டுமே கூறும். முன்னதில் பிணி பொறிக்கு. பின்னதில் பிணி செய்தி சொல்லும் ஒற்றனுக்கு, அல்லது அவன் வரும் வழிக்கு.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு வீட்டின் அருகே அடித்தளக் குழி தோண்டிக்கொண்டிருந்த பொக்லைன் ஒன்றின் திரையில் 100, 3 என்னும் குறியீடு தோன்றிற்று. பொறி தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டது. வானில் கார்மேகம் திரண்டது. மழை பெய்து குழியின் கரை சரிந்தால் அண்டை வீட்டுச் சுவர் என்னாகுமோ என்று உரிமையாளர் அஞ்சினார். இளைஞரான மெக்கானிக் விரைந்து புதிய சென்சார் ஒன்றை வாங்கிப் பொருத்தினார். குறியீடு நீங்கவில்லை. பின்னர் முதியவரான மெக்கானிக் ஒருவர் வந்தார்.

“ஐயா, புதிய சென்சாரையும் மாட்டிவிட்டேன், குறியீடு போகவில்லையே!” என்றார் இளைஞர்.

“தம்பி, சென்சார் கெட்டது என்றா குறியீடு சொல்லிற்று? மின்னழுத்தம் மிகுந்தது என்றல்லவா சொல்லிற்று? அது ஏன் மிகுந்தது என்று கம்பியைக் கேட்டாயா?” என்றார் முதியவர்.

அவர் முதலில் எண்ணெயின் அழுத்தத்தைத் தனி அழுத்தமானியால் அளந்தார், குறைவில்லை. ஒற்றன் பொய்த்தான் என்பதனாலேயே பொறி நலமாயுள்ளது என்று கொள்ளலாகாதன்றோ? பின்னர்ப் பக்கெட்டைத் தரையில் ஊன்றி, எஞ்சினை நிறுத்தினார். பாட்டரிகளைச் சோதித்தார். 12 வோல்ட் பாட்டரிகள் இரண்டு தொடராக இணைந்து 24 வோல்ட் அமைப்பாக நிற்பது இப்பொறிகளின் இயல்பு. அவை சோர்ந்தாலும் பொய்யான குறியீடுகள் தோன்றக்கூடும். அங்கும் குறையில்லை.

அதன்பின் சென்சாரின் இணைப்பைக் கழற்றி, சாவியைத் திருப்பி, மல்டிமீட்டரைக் கையில் எடுத்தார். மின்சாரம் வரும் கம்பிக்கும் பொறியின் இரும்புச் சட்டத்துக்கும் இடையே அளந்தார். 5 வோல்ட் காட்டிற்று. அக்கம்பிக்கும் மீளும் கம்பிக்கும் இடையே அளந்தார், ஒன்றும் காட்டவில்லை. மின்சாரம் வருகிறது, மீளும் வழியோ அடைபட்டுள்ளது என்பது அவருக்கு விளங்கிற்று. மீள வழியின்மையாலேயே செய்திக் கம்பியில் மின்னழுத்தம் மிகுந்தது.

சாவியை அணைத்துவிட்டு, மீளும் கம்பியைப் பற்றிக்கொண்டு சென்றார். இடைவழியில் உள்ள ஓர் இணைப்பைத் திறந்தபோது, அதன் ஊசி பச்சைக் களிம்பேறி அரித்திருக்கக் கண்டார். நீர் புகாமற் காக்கும் ரப்பர் வளையம் அங்கே இல்லை. முன்பு பழுது பார்த்தவர் அதனை மீண்டும் இடாமல் விட்டிருந்தார். பொறியைக் கழுவுந்தோறும் நீர் உட்புகுந்தது. ஊசியை மாற்றினார், வளையத்தையும் இட்டார். மீண்டும் அளந்தபோது 5 வோல்ட் காட்டிற்று. குறியீட்டை அழித்துப் பொறியை இயக்கிப் பார்த்தார். அது மீண்டும் தோன்றவில்லை. மழைக்கு முன் வேலை முடிந்தது. வீணாய் வாங்கிய சென்சார் மட்டும் இளைஞருக்குப் பாடமாய் நின்றது.

ஒரே சமயத்தில் பல குறியீடுகள் தோன்றுவதும் உண்டு. அப்போது பல உறுப்புகள் ஒருங்கே கெட்டன என்று மயங்குதல் கூடாது. அவற்றுக்கெல்லாம் பொதுவான ஃபியூஸையும், சட்டத்தோடு இணையும் எர்த் கம்பியையும், கன்ட்ரோலர்கள் தம்முட் பேசும் முறுக்கிய இரட்டைக் கம்பியையும் முதலில் ஆராய்தல் வேண்டும். அவ்விரட்டைக் கம்பியின் இரு கோடியிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இருக்கும். மின்சாரத்தை நிறுத்தி அளந்தால் 60 ஓம் காட்டுதல் முறை. 120 ஓம் காட்டின், ஒரு தடையோ அதற்குச் செல்லும் வழியோ அறுபட்டது என்று அறியலாம்.

குறியீடு வழிகாட்டுமேயன்றித் தீர்ப்பு வழங்காது. எந்த வீதியில் தேடவேண்டும் என்பதை அது கூறும்; எந்த வீடு என்பதைத் தேடுபவனே காணவேண்டும். நோயைக் கண்டதோடு அமையாது, அது தோன்றிய காரணத்தையும் ஆராய்ந்து, பின்னரே அதனைத் தணிக்கும் வழியை மேற்கொள்ளுக என்பது மருத்துவர்க்கு வள்ளுவர் வகுத்த நெறி. அந்நெறி உயிருள்ள உடம்புக்கு மட்டுமன்றி, இரும்பாலான உடம்புக்கும் பொருந்துவதாகும்.

பயிற்சி

1. 100, 1 என்னும் குறியீட்டுக்கும் 100, 4 என்னும் குறியீட்டுக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. மீளும் கம்பியே அறுபட்டது என்பதை முதியவர் எவ்வாறு துணிந்தார்?
3. ரப்பர் வளையத்தை இடாது ஊசியை மட்டும் மாற்றியிருப்பின் என்ன நேர்ந்திருக்கும்?